கோபத்துக்கு ஒரு நவநாள்

அவருடைய முகத்தைவிட வலது கைதான் எனக்கு அதிகம் பழக்கம். மேடையில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் கை மெல்ல உயரும். உள்ளங்கை நிலத்தைப் பார்த்தபடி இருக்கும். பிறகு, நித்திரையாகப் போகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பது மாதிரி இரண்டு தரம் கீழே இறங்கும். சத்தத்தைக் குறை என்று அர்த்தம். மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு குந்தியிருக்கிற நான் குமிழைத் திருகுவேன்.

சவுண்ட் செட் தொழிலில் எல்லோரும் கூட்டச் சொல்லித்தான் கேட்பார்கள். அரசியல்வாதி கேட்பார், பாட்டுக்காரர் கேட்பார், கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன்கூட எழும்பி வந்து கேட்பார். குறைக்கச் சொல்லி நான் கண்டது இவர் ஒருவரைத்தான். "கடவுளுக்குக் காது நல்லாக் கேக்கும் மகன்" என்பார்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு துறவற சபையின் மடம். அதோடு சேர்ந்து ஆண்பிள்ளைகளின் ஹொஸ்டல், ஒரு சிற்றாலயம், ஒரு மண்டபம். அங்கே அவர்தான் பெரிய ஃபாதர். சபைக்கு வேறு ஊர்களிலும் மடங்கள் இருந்தன. மாதத்தில் ஒரு தரம் கிளம்பிப்போய் அங்கே இருக்கிறவர்களின் குறை நிறைகளையும் கேட்டுவிட்டு வருவார். சபையின் பேரையும் அவருடைய பேரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் வழக்கு வரும் என்று ஒரு பயம். எழுதாவிட்டால் எல்லா ஃபாதர்மாரையும் சொன்னதாகிவிடுமோ என்று இன்னொரு பயம். எனக்கு எப்போதும் இப்படித்தான். ஒன்றை இறக்கி வைத்தால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து குந்திவிடும்.

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. கிராண்ட்பாஸில் ஒரு முஸ்லிம் நானாவின் சவுண்ட் செட் கடையில் வயர் சுருட்டப் போனேன். முதல்முதல் தனியே என்னை நம்பி நானா அனுப்பியது மடத்துத் திருவிழாவுக்குத்தான். பூசை நடுவில் பியூஸ் போய்விட்டது. மாற்றுவதற்கு என்னிடம் வேறு பியூஸ் இல்லை. (அன்றிலிருந்து இன்றுவரை என் சட்டைப் பையில் பியூஸ் இல்லாமல் நான் வீட்டுப்படி இறங்கியதில்லை.) ஃபாதர் ஒன்றுமே நடக்காத மாதிரி, மைக் இல்லாமலே, அதே சின்னக் குரலில் பூசையைத் தொடர்ந்தார். சனம் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. நான் மண்டபத்துக்குப் பின்னால் ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன்.

பூசை முடிந்து அவர் என்னைத் தேடி வந்தார். வெள்ளை அங்கியோடு அந்த ஊத்தைச் சீமெந்தில் என் பக்கத்தில் இருந்தார். ஏசவில்லை, புத்தியும் சொல்லவில்லை. நான் தலையை நிமிர்த்தும்வரை இருந்தார். பிறகு என் தோளில் இரண்டு தரம் தட்டிவிட்டு எழும்பிப் போனார். என் தகப்பன்கூட எனக்கு அப்படிப் பக்கத்தில் இருந்ததில்லை.

அவர் கோபப்பட்டு யாரும் கண்டதில்லை. மற்றவர்களின் கோபம்தான் அவருக்குப் பொறுக்காது. ஒருமுறை திருவிழாவில் புனிதரின் சொரூபத்தை யார் தூக்குவது என்று அடுத்தடுத்த சந்துகளில் இருக்கிற இரண்டு ஒழுங்கைக்காரருக்குச் சண்டை. ஒருவன் கையில் உடைத்த போத்தல். ஃபாதர் நடுவில் போய் நின்று கையை இறக்கினார், இரண்டு தரம். பிறகு ஒரு சோடாவை வரவழைத்து இரண்டு தலைவர்மாரையும் ஒரே போத்தலில் வாய் வைத்துக் குடிக்கச் சொன்னார். போத்தல் தூக்கியவனே கடைசியில் சொரூபத்துக்கு முன்னால் நடந்து கச்சான் கடலை கொடுத்துக்கொண்டு போனான்.

மைக்குக்குக் கை. மனிதருக்கு நவநாள்.

புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு ஒரு பெண் வருவாள். தம்பி காணியை ஏமாற்றி எழுதிவிட்டான் என்று ஒருவர் வருவார். ஃபாதர் கேட்பார். அவர் கேட்பதைப் பார்க்க வேண்டும். தலையை ஒரு பக்கம் சரித்து, கண்ணை எடுக்காமல், குறுக்கே ஒரு சொல் பேசாமல் கேட்பார். அழுகிறவரோடு அழுவார், பொய்யாக இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, "அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் செபம் செய்யுங்கோ. அதுவரைக்கும் ஒருத்தரோடயும் கதைக்க வேண்டாம். முடிய வந்து என்னைக் காணுங்கோ" என்பார். ஐந்தாவது செவ்வாயில் கோபம் பாதியாகிவிடும். ஒன்பதாவதில், இவ்வளவு கோபப்பட்டோமே என்று வந்தவருக்கே வெட்கமாகிவிடும். அநேகம் பேர் திரும்பி வருவதில்லை. வராதவர்களின் குறை தீர்ந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

எங்கள் நானா மட்டும் கடையில் இருந்து சிரிப்பார். "டொக்டர் மூணு நாளைக்குத்தானே மருந்து குடுப்பாரு. ஒங்கட ஃபாதர் ஒன்பது கெழமைக்குக் குடுக்கிறாரு. மருந்து முடியக்குள்ள என்ன வருத்தமெண்டு ஆளுக்கே மறந்து போகும்" என்பார். வேறு மார்க்கத்து ஆள், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டோம்.

என் அக்கா வெள்ளவத்தையில் ஒரு சாறிக் கடையில் வேலைக்கு நின்றாள். அத்தான் கட்டாரில் வேலை. பிள்ளையைத் தனியே விட முடியாமல் மடத்து ஹொஸ்டலில் சேர்த்திருந்தாள். அவனுக்கு நல்ல குரல். சபையின் துறவிகளில் பாட்டுப் பழக்குகிற பிரதர் ஒருவர் இருந்தார். கிற்றார் வாசிப்பார், பகிடி விட்டுச் சிரிக்க வைப்பார், பெற்றோருக்கெல்லாம் அவரைப் பிடிக்கும். "என்ர மகனைத் தனியாக் கூப்பிட்டுப் பழக்கிறார்" என்று அக்கா எனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு லீவு முடிகிற நாள், ஹொஸ்டலுக்குக் கட்டி வைத்த பையைத் தூக்கிக்கொண்டு போய் அவன் தெருச் சாக்கடைக் கானுக்குள் போட்டுவிட்டான். சீருடை, சப்பாத்து, எல்லாம் ஊத்தைத் தண்ணீரில் போனது. அக்கா விளக்குமாற்றால் அடித்தாள். அடி நிற்கிற மாதிரி இல்லை என்று கண்ட பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். பாட்டுப் பழக்கம் முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகு பிரதர் கதவைப் பூட்டுகிறார் என்று தொடங்கினான். அதற்கு மேல் அவன் சொன்னதை அக்கா எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. சொன்ன அளவையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவனுடையது.

அக்கா நேரே ஃபாதரிடம்தான் போனாள். வேறு யாரிடம் போவாள்? திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது, ஆனால் ஒரு நிம்மதி தெரிந்தது. "ஃபாதர் அழுதவர் தம்பி. என்ர பிள்ளைக்காக அழுதவர்" என்றாள். பிள்ளை சொன்னதை அவர் நம்பினாராம். இனி ஹொஸ்டலுக்கு அனுப்ப வேண்டாம் என்றாராம். பிள்ளையின் பேர் கெட்டுவிடும், வெளியே மூச்சு விட வேண்டாம் என்றாராம். பிறகு அந்த ஒன்பது செவ்வாய்.

அக்கா ஒன்றையும் தவறவிடவில்லை. கடை விட்டு, மகனையும் இழுத்துக்கொண்டு, நெரிசல் பஸ்ஸில் நின்றபடி வருவாள். அவன் கோயிலில் ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நவநாள் முடிந்த கையோடு ஞாயிறு பூசையில் அறிவித்தார்கள், பாட்டுப் பிரதருக்கு மாற்றம் வந்திருக்கிறது, வேறு மடத்துக்குப் போகிறார் என்று. அக்கா என் கையைப் பிடித்தாள். "அந்தோனியார் செய்த புதுமை தம்பி" என்றாள்.

மன்றாட்டுக் கேட்கப்பட்டால் அந்தோனியார் பேரில் ஏழைகளுக்குப் பாண் ரொட்டி கொடுப்பது எங்கள் வழக்கம். அடுத்த செவ்வாய் அக்கா பேக்கரியில் சொல்லி இரண்டு கூடை பாண் எடுத்தாள். ஒரு கூடையை நான் சுமந்தேன். கோயில் வாசலில் இருந்த ஒவ்வொருவருக்கும் மகனின் கையாலேயே கொடுக்க வைத்தாள்.

பிரியாவிடை மடத்து மண்டபத்தில். மாலை, கேக், வெள்ளை உடுப்பில் பிள்ளைகளின் பாட்டு. பிரதர் அழுதார், தாய்மாரும் அழுதார்கள். அக்கா வரவில்லை. பிள்ளைகள் பாடும்போது ஃபாதரின் கை இறங்கியது, நான் குறைத்தேன். எல்லாம் முடிந்து வயர் சுருட்டும்போது எனக்கு மனம் கேட்கவில்லை. கிட்டப் போய், "அவரை எங்க அனுப்புறீங்க ஃபாதர்? அங்கயும் பிள்ளையள் இருக்கிறாங்களோ?" என்று கேட்டேன்.

என் தலையில் கையை வைத்தார். "நீ ஒரு பயந்த பிள்ளை மகன். பயத்தை ஆண்டவரிட்டக் குடு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் பயங்கள் அந்த மடத்தில் பேர்போனவை. நான் மிச்ச வயரைச் சுருட்டப் போனேன்.

காலம் போனது. நானா மௌத்தாகி அடக்கமானார், கடை என் கைக்கு வந்தது. அக்கா பாமன்கடைப் பக்கம் வாடகைக்கு ஒரு அனெக்ஸ் எடுத்துக்கொண்டாள். மருமகன் வளர்ந்து தெஹிவளையில் ஒரு போன் கடையில் வேலைக்குப் போகிறான். அவன் பாடுவதில்லை. கோயிலுக்கும் வருவதில்லை.

போன வருடம் சபையின் மலைநாட்டு மடத்தில் ஒரு ஜூபிலி. அங்கே சவுண்ட் செட் வைத்திருக்கிற பொடியனிடம் பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய் மைக்குகளை வைத்துவிட்டு நிமிர்ந்தால், பாட்டுக்குழுவுக்கு முன்னால் அந்தப் பிரதர் நிற்கிறார். தலை நரைத்திருந்தது. அதே கிற்றார்.

பொடியனிடம் விசாரித்தேன். "அவரா? ரொம்ப வருசமா இங்கதான்ணே இருக்காரு. கொழும்புல இருந்து நேரா இங்கதான் வந்தாரு. ஹொஸ்டல் புள்ளைங்க எல்லாம் தேயிலைத் தோட்டத்துப் புள்ளைங்க. அவருதான் பாட்டு சொல்லிக் குடுக்கிறாரு" என்றான்.

பிரதரின் ஒரு கை முன்வரிசையில் நின்ற ஒருவனின் தோளில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் பாடினார்கள். அந்தப் பிள்ளையின் மைக்கில் மட்டும் ஒன்றும் வரவில்லை. வயர் கழன்றுவிட்டதாக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். வயர் சரியாக இருந்தது. அவன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றான்.

கொழும்புக்கு வந்த கையோடு அக்காவிடம் போனேன். அவள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டாள். அழவில்லை.

"நான் பாண் குடுத்தனான் தம்பி" என்றாள்.

அந்த ஒரு வசனத்தை விட்டு அவள் வெளியே வரப் பல நாள் ஆனது. சமைக்கும்போது சொல்லுவாள், பஸ்ஸில் சொல்லுவாள். தன் பிள்ளையிடமிருந்து பிரதரை எடுத்து அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்ததற்கு அவள் நன்றி செலுத்தியிருக்கிறாள். பொலிசுக்குப் போவோம் என்று நான் கேட்டேன். மருமகன் மாட்டேன் என்றான். "நீங்க போய்க் கதைங்கோ அம்மா. என்ர பேர் மட்டும் எங்கயும் வரக்கூடாது" என்றான். பேர் இல்லாமல் பொலிசில் என்னத்தைச் சொல்வது? இரண்டு பேரும் திரும்பவும் ஃபாதரிடமே போனோம்.

அவருக்கு வயதாகிவிட்டது, கைத்தடி வந்துவிட்டது. கேட்கிற விதம் மட்டும் மாறவில்லை. தலையைச் சரித்துக் கேட்டார். கண் நிறைந்தது. முன்பு அந்தக் கண்ணீரைப் பார்த்து ஆறிய அக்கா, இப்போது அது வழிந்து முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"சபை அவரோட கதைச்சது மகள். அவர் நல்லா மனம் வருந்தினவர்."

"அங்க பிள்ளையள் இருக்கு ஃபாதர்."

கை உயர்ந்து இறங்கியது. "சத்தம் வேண்டாம் மகள்." அக்கா சத்தம் போடவே இல்லை. "கோபத்தோட ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. ஒரு ஒன்பது செவ்வாய்..."

"அங்க இருக்கிற தாய்மாருக்கும் ஒன்பது செவ்வாய் குடுத்தனீங்களா ஃபாதர்?"

அவர் யன்னலைப் பார்த்தார். இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று தொடங்கினார். சிறுவர் பாதுகாப்புக்கென்று சபை ஒரு குழு அமைத்திருக்கிறதாம். அடுத்த மாதம் தொடக்கக் கூட்டமாம். முறைப்பாட்டை அங்கே முறையாகக் கொடுக்கலாமாம். பொறுப்பு யார் என்று அக்கா கேட்டாள்.

"என்னைத்தான் போட்டிருக்கினம்" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

இதில் சபை பொய்யாக ஒன்றும் செய்யவில்லை. முறைப்பாடு கேட்க ஆள் வேண்டுமென்றால் அவரைவிட நன்றாகக் கேட்கிறவர் கொழும்பில் யார் இருக்கிறார்?

கூட்டத்துக்கும் சவுண்ட் என்னுடையதுதான். மேடைக்குப் பின்னால் கைகோத்து நிற்கிற பிள்ளைகளின் படம் போட்ட பெரிய பனர். சட்டத்தரணி அம்மா ஒருவர் பேசினார். பூட்டிய கதவுக்குப் பின்னால் பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது, கதவுகளில் கண்ணாடி வைக்க வேண்டும் என்றார். நல்ல விஷயங்கள். என் மருமகன் பையைக் கானுக்குள் போடுவதற்கு முந்திய வருடம் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி நேரம் என்றதும் அக்கா எழும்பினாள். நடுவில் வைத்திருந்த மைக்கை நோக்கி நடந்தாள். வயரில் கால் தடக்குமோ, மயங்கி விழுந்துவிடுவாளோ, யாராவது பிடித்து இருத்திவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அவள் சாறியை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"இங்க பாட்டுப் படிப்பிச்ச பிரதரால இங்க ஒரு பிள்ளை கெட்டுப்போனது. ஃபாதருக்குத் தெரியும். பிறகு அவரை மலைநாட்டு ஹொஸ்டலுக்கு அனுப்பினனீங்கள். இண்டைக்கும் அங்க பிள்ளையளோட இருக்கிறார். அவரை அங்க இருந்து எடுப்பீங்களா, இல்லையா?"

மேடையில் அந்தக் கை உயர்ந்தது. உள்ளங்கை நிலத்தைப் பார்த்தது. இரண்டு தரம் இறங்கியது. முகம் என் பக்கம். நான் குமிழில் இருந்து விரலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் ஒரு கணம் காத்திருந்தார். பிறகு கைத்தடியை ஊன்றி எழும்பி, அந்தச் சின்னக் குரலில், "செபிப்போம்" என்று சொல்லிப் பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். சனம் முழுவதும் எழும்பிவிட்டது. நடக்கத் தொடங்கியதிலிருந்து பழகிய செபம், அவர் தொடங்கினால் வாய் தானாகத் தொடரும். மண்டபம் அதிர்ந்தது. அந்த இடத்தில் நான் கேட்ட ஆகப் பெரிய சத்தம் அதுதான், அதற்கு மைக்கே தேவைப்படவில்லை. அக்காவின் உதடும் அசைந்ததைக் கண்டேன். அவளும் அங்கே ஞானஸ்நானம் பெற்றவள்தானே.

ஆமென் சொல்லி எல்லோரும் இருந்தார்கள். அக்கா இருக்கவில்லை. அதே கேள்வியை, ஒரு சொல் மாறாமல், திரும்பவும் கேட்டாள்.

சட்டத்தரணி அம்மா ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர், தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதைப்போம் என்று கூட்டத்தை முடித்தார். அக்கா நின்ற பக்கம் யாரும் போகவில்லை. ஒரு பெண் மட்டும் வந்து, தேத்தண்ணிக்கு வைத்த பெட்டிஸ் பலகாரம் ஒன்றை அவளுடைய கையில் வைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாளில் மலைநாட்டுப் பொடியன் போன் எடுத்தான். கோட்லெஸ் மைக் ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டான். பாட்டுப் பிரதருக்குப் பிரியாவிடையாம். எங்கே மாற்றம் என்று கேட்டேன். "அதச் சொல்லலண்ணே" என்றான்.

விழா முடிந்து மைக்கை பஸ்ஸில் போட்டுவிட்டு மறுபடி போன் எடுத்தான். மாலை எத்தனை, சாப்பாடு என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், போனை வைக்கப்போகும் நேரத்தில் சொன்னான்:

"கேட்டுக்கு வெளிய தோட்டத்து அம்மா ஒண்ணு கூடையோட நின்னு எல்லாருக்கும் பாண் குடுத்துக்கிட்டு இருந்துச்சுண்ணே. எனக்கும் ஒண்ணு குடுத்துச்சு. என்னா நேத்திக்கடன்னு கேட்டேன். சிரிச்சிச்சு, சொல்லல."

அக்காவிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும் என்று பின்னேரம் போய்ச் சொன்னேன். இந்த முறை அவள் நிலத்தில் சரியவில்லை. "எந்தத் தோட்டத்துப் பொம்பிளையெண்டு அந்தப் பொடியனிட்டக் கேளு" என்றாள். மருமகன் கதவுநிலையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். கோப்பையைக் கழுவி வைத்தான். பிறகு சொன்னான்: "நானும் வாறன் அம்மா. என்ர பேரையும் சொல்லலாம்."

பொடியனிடம் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டு, விடிய, கோட்டை ஸ்டேஷனில் இருந்து ரயில் ஏறினார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. என் சாமான்களை எடுக்க மடத்துக்குப் போனேன். இனி அங்கே வேலை செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். சிற்றாலயத்தில் ஃபாதர் தனியே முன்வாங்கில் இருந்தார். என் காலடிச் சத்தத்தை அறிவார்.

"அக்கா நவநாளுக்கு வரேல்லையா மகன்?"

"மலைநாட்டுக்குப் போயிட்டா ஃபாதர். மகனும் போயிருக்கிறான். அங்க ஒரு தாய் பாண் குடுத்தவவாம். அவவைத் தேடிப் போயினம்."

"ஏன் மகன்?"

"மூண்டு பேருமாப் பொலிசுக்குப் போக."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. பீடத்தைப் பார்த்தபடியே வலது கையை உயர்த்தினார். உள்ளங்கை நிலத்தைப் பார்த்தது. மெல்ல இறங்கியது, இரண்டு தரம்.

ஆம்ப் வெளியே என் வான் வண்டிக்குள் இருந்தது. வயரைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தேன். குறைப்பதற்கு அங்கே ஒரு சத்தமும் இல்லை.